முனியாண்டி முன்னால் ஏன் நிறுத்தினாய்?

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்காதவர்கள் செலண்டார் வட்டாரத்தில் யாராவது மிச்சம் இருந்தால் இப்போதே கேட்டுவிடுங்கள். ஒரேயடியாகப் பதில் சொல்லிவிடுகிறேன். போலீஸ்காரர் கேட்டார். அது அவர் வேலை, கேட்கலாம். தையல் போட்ட தாதி கேட்டாள். மச்சான் கேட்டான். ஒட்டுக்கடையில் தேத்தண்ணீர் ஆற்றுகிறவர் கிளாஸை நீட்டிக்கொண்டே கேட்டார். என் தோளில் பாராங் கத்தியை இறக்கியவனைப் பார்த்து "ஏண்டா வெட்டினாய்?" என்று கேட்க ஊரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. வெட்டுப்பட்டவன்தான் பதில் சொல்ல வேண்டுமாம்.

ஏன் நிறுத்தினேன்? எல்லாரும் நிறுத்துகிற இடம், அதனால் நிறுத்தினேன்.

நான் செம்பனை எண்ணெய் டேங்கர் ஓட்டியவன். செலண்டாருக்கு உள்ளே இருக்கிற மில்லில் எண்ணெய் ஏற்றிக்கொண்டு தெற்கே துறைமுகத்துக்குக் கொண்டுபோவது என் வேலை. மில்லிலிருந்து வருகிற தோட்டத்து மண்சாலை தார்ச்சாலையில் ஏறுகிற முனையில், ஒரு பெரிய மரத்தடியில், தகரக் கூரைக்குக் கீழே முனியாண்டி உட்கார்ந்திருக்கிறார். முறுக்கு மீசை, கையில் அரிவாள், முன்னால் ஒரு சூலம், தோளில் ஒரு சிவப்புத் துணி. அந்த வழியாகப் போகிற தமிழ் டிரைவர் எவனும் அவரைத் தாண்டிச் சும்மா போகமாட்டான்.

அதற்கு ஒரு முறை இருக்கிறது. வண்டியை ஓரம் கட்டி, இஞ்சினை அணைக்காமல், கதவைத் திறந்தபடி விட்டு இறங்க வேண்டும். கற்பூரம் எரிகிற நேரம்தானே, அதற்கு எதற்கு அணைத்து எழுப்புவது? இறங்குமுன் சிலிப்பரைக் கழற்றி வண்டிப் படியில் வைத்துவிட வேண்டும். படியில் ஒரு ஜோடி சிலிப்பர் கிடந்தால், டிரைவர் சாமி கும்பிடுகிறான் என்று அர்த்தம். பின்னால் வருகிற லாரி ஹாரன் அடிக்காமல் ஒதுங்கிப் போகும். யாரும் எழுதி வைத்த சட்டமில்லை. லாரி ஓட்டுகிற எங்களுக்குள் இருக்கிற மரியாதை அது.

அன்று காலையில் நன்றாக வெயில் ஏறியிருந்தது. சிலிப்பரைப் படியில் வைத்துவிட்டு நான் கற்பூரத்தைப் பற்றவைத்தபோது ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. இரண்டு பேர். ஒருவன் நெற்றியில் திருநீறு. அவனும் செருப்பைக் கழற்றினான். கையில் கற்பூர வில்லை வைத்திருந்தான்.

"அண்ணே, தீப்பெட்டி இருக்கா?" என்றான்.

கொடுத்தேன். கொடுத்தது மட்டுமில்லை, அவனும் சாமி முன்னால் நிற்கட்டும் என்று ஓரமாக நகர்ந்து இடம் விட்டேன். பிறகு கையெடுத்துக் கும்பிட்டுக் கண்ணை மூடினேன். கண்ணைத் திறப்பதற்குள் தோளில் இறங்கிவிட்டது.

விழுந்தவனை மிதித்தார்கள். முனியாண்டி தோளில் கிடந்த சிவப்புத் துணியை உருவி என் கைகளைப் பின்னால் கட்டினார்கள். இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, கதவு திறந்திருந்தது, சாவி உள்ளே இருந்தது. ஏறும்போது திருநீறு பூசினவன் படியில் இருந்த என் சிலிப்பரைக் காலால் கீழே தள்ளிவிட்டுப் போனான். தோட்டத்தில் செம்பனைக் காய் வெட்ட வந்த ஒரு பங்களாதேஷ்காரர்தான் கட்டை அவிழ்த்து, தன் சட்டையைக் கழற்றி ரத்தத்தை அமுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டேங்கர் பிறகு ஒரு தோட்டத்துச் சந்தில் காலியாகக் கிடைத்தது. எண்ணெய் போனது கம்பெனிக்கு. எனக்குப் போனது வேறு.

எனக்கு ஆத்திரம் அவர்கள் வெட்டினதில்கூட இல்லை. இஞ்சின் ஓடும், கதவு திறந்திருக்கும், டிரைவர் வெறுங்காலோடு கண்ணை மூடி நிற்பான் என்பது வெளியாளுக்குத் தெரியாது. தெரிந்தவன் எங்களோடு வளர்ந்தவன். கோயில் கஞ்சி குடித்தவன். "அண்ணே" என்று கூப்பிட்டால் நான் நகர்ந்து இடம் விடுவேன் என்று தெரிந்து வந்தவன். அந்த நாய்க்குப் பிறந்தவனின் புத்தியை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பல் நறநறவென்று வருகிறது.

தையல் காய்ந்துவிட்டது. ஆனால் கண்ணை மூட முடியவில்லை. தலைக்குச் சோப்புப் போட்டால் நுரை கண்ணில் இறங்கினாலும் திறந்தே வைத்திருந்தேன். எரியும், பரவாயில்லை. முடிவெட்டப் போனேன். நாற்காலியில் உட்கார்ந்தவுடன் கடைக்காரர் பின்னால் நின்று, "அண்ணே, கொஞ்சம் தலையைக் குனிங்க" என்றார். போர்த்திய துணியோடு எழுந்து தெருவில் நின்றேன். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானாக இருந்தாலும் சிரித்திருப்பேன். வீட்டுக்கு வந்து கண்ணாடியைப் பார்த்து நானே வெட்டிக்கொண்டேன். நான் வெட்டின லட்சணத்துக்கு இன்னொரு முறை சிரித்தார்கள்.

ஆறுதல் சொல்ல வந்தவர்கள் செய்த கொடுமை தனி. "முனிதான் உன்னைக் காப்பாத்துச்சு, இல்லன்னா கழுத்துல விழுந்திருக்கும்" என்றாள் மனைவியின் சித்தி. ஒரு கிடா வெட்டிவிடு, எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொன்னாள்.

"காப்பாத்துறவரு கையில அரிவாள் வச்சிருக்காரே சித்தி, அத எதுக்கு வச்சிருக்காரு? தேங்கா உடைக்கவா?" என்று கேட்டேன்.

கன்னத்தில் போட்டுக்கொண்டு போனாள். பிறகு என் வீட்டில் அவள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

கம்பெனியில் சூப்பர்வைசரும் நம் ஆள்தான். என்னை உட்கார வைத்து மைலோ கொடுத்துத்தான் ஆரம்பித்தார்.

"அண்ணே, ரூல்ஸ் உங்களுக்குத் தெரியாததில்ல. மில்லுல லோட் ஏத்துனா போர்ட் வரைக்கும் எங்கயும் நிறுத்தக் கூடாது. நீங்க ஏன் நிறுத்துனீங்க?"

"சாமி கும்பிட."

"அத நான் எப்படி மேல சொல்றது? அதுவும் சேஃப்டி ஷூ இல்லாம இறங்கியிருக்கீங்க. கேக்கறவங்க சிரிப்பாங்க லா."

எனக்குச் சுருக்கென்று வந்தது. வருஷா வருஷம் ஆயுத பூசைக்கு எல்லா வண்டியையும் கழுவி, மாலை போட்டு, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, இதே சூப்பர்வைசர் வெறுங்காலோடு நின்று பூசணிக்காய் உடைப்பார். படம் பிடித்து ஆபீஸ் சுவரில் ஒட்டுவார்கள். அன்றைக்கு மட்டும் சாமி கம்பெனிச் சாமி. மற்ற நாளில் சாமி கும்பிட்டால் அது டிரைவர் செய்த தப்பு. இதை அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். மைலோவைக் குடிக்கவில்லை.

வீட்டில் வேறு வேலைப் பேச்சு தொடங்கியது. சுங்கை ஊடாங்கில் காண்டிராக்ட் வேலை செய்கிற மச்சான், எண்ணெய்த் தொட்டி கழுவுகிற வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றான். தொட்டிக்குள் இறங்கினால் முதுகுக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று தெரியாது, மாட்டேன் என்றேன். பள்ளிக்கூடத்தில் ஜாகா வேலை, காவல் காக்கிற வேலை, இருக்கிறது என்று ஒருவர் சொல்ல, பக்கத்தில் இருந்தவர், "சொந்த லாரிக்கே ஜாகா பாக்க முடியாத ஆளு, பள்ளிக்கூடத்துக்குப் பாப்பாராக்கும்" என்றார். கேலிதான், கெட்ட மனசில் சொன்னதில்லை. இருந்தாலும் அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

மெர்லிமாவில் எனக்கு ஒரு கூட்டாளி. அதே கம்பெனியில் டேங்கர் ஓட்டுகிறவன், என்னைவிடச் சில வயது இளையவன், வேதக்காரன். அவன் வண்டிக் கண்ணாடியில் ஜெபமாலை தொங்கும். முனியாண்டியைத் தாண்டும்போது இறங்கமாட்டான்; இரண்டு முறை ஹாரன் அடித்து, "உங்க ஆளுக்கு ஒரு குட் மார்னிங்" என்று கை காட்டிவிட்டுப் போவான். நான் வெட்டுப்பட்ட பிறகு அவன் வீட்டிலும் லாரியை விடச் சொல்லி நச்சரிப்பு. மெர்லிமாவ் பக்கம் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்ட ஆள் தேடுகிறார்கள், இரண்டு பேரும் போய்விடலாம் என்று வந்து உட்கார்ந்தான்.

"நீ எறங்குனா நானும் எறங்குறேன்ணே. நீ ஏறுனா நானும் ஏறுறேன்" என்றான்.

நான் இறங்கமாட்டேன் என்றேன். பிடிவாதம் என்று அவன் நினைத்தான். எனக்கு அது மானப் பிரச்சினை. ஸ்டியரிங் பிடிக்கக் கற்ற நாளிலிருந்து லாரியைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது. முதுகில் குத்துகிற இரண்டு பொறுக்கிகள் வந்து, போடா கீழே என்று தள்ளிவிட்டால் நான் இறங்கிவிடுவதா? எனக்குப் பயமில்லை என்று எல்லாருக்கும் காட்ட வேண்டும். அந்த இருவரும் எங்காவது நின்று நான் ஓட்டிப் போவதைப் பார்க்க வேண்டும். அதற்காகவே டாக்டர் சரி என்றதும் வேலைக்குத் திரும்பினேன்.

மனைவி வாசல்வரை வந்தாள். "அங்க நிறுத்துவியா?" என்று கேட்டாள். ஏன் நிறுத்தினாய் என்று இதுவரை கேட்காத ஒரே ஆள் அவள்தான்.

"நிறுத்துவேன்."

"அப்போ பாத்து நில்லு" என்றாள்.

மில்லில் லோட் ஏற்றினேன். முனை வந்ததும் ஓரம் கட்டினேன். இந்த முறை இஞ்சினை அணைத்தேன், சாவியை எடுத்தேன், கதவைப் பூட்டினேன். சிலிப்பரைப் படியில் வைத்தேன். ஒரு கையில் கற்பூரம், இன்னொரு கையில் டயர் கழற்றுகிற இரும்பு. யாரோ முனியாண்டிக்குப் புதுத் துணி போர்த்தியிருந்தார்கள். கற்பூரத்தை ஏற்றிவிட்டுக் கண்ணை மூடப் பார்த்தேன். இமை இறங்கவில்லை. சாமி முன்னால் நின்றுகொண்டு, முழித்த கண்ணோடு, இரும்பை இறுக்கிப் பிடித்தபடி நின்றேன். கற்பூரம் அணைந்து கொண்டிருந்தது.

"அண்ணே" என்று பின்னால் ஒரு குரல்.

நான் திரும்பவில்லை. கைதான் திரும்பியது. இரும்பு எதிலோ இறங்கின பிறகுதான் முகத்தைப் பார்த்தேன். மெர்லிமாவ் கூட்டாளி. தலையைக் காக்கத் தூக்கின முழங்கையில் அடி விழுந்திருந்தது. மண்ணில் குந்தி, கையை மடியில் அணைத்துக்கொண்டு, வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான். வெறுங்கால். என் வண்டிக்குப் பின்னால் அவன் டேங்கர் நின்றது; சாலையில் போகிற லாரிகளின் இரைச்சலில் அது வந்து நின்றது எனக்குத் தெரியவில்லை. படியில் அவனுடைய சேஃப்டி ஷூ. இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் இறங்காதவன், இன்றைக்கு எங்கள் முறைப்படி ஷூவைக் கழற்றிவிட்டு வந்திருக்கிறான். அதனால்தான் காலடிச் சத்தம் கேட்கவில்லை.

"ஏண்டா வந்தே?" என்று கத்தினேன். அடித்தவன் நான், கத்தினதும் நான்.

"நீ கண்ண மூட மாட்டேங்கிறேன்னு அண்ணி சொன்னாங்க. பின்னாடி நின்னுக்கலாம்னு வந்தேன்."

நான் இரும்பைக் கீழே போட்டேன். அரை அடி மேலே இறங்கியிருந்தால் அவன் மண்டை. அவன் பெண்டாட்டியிடம் போய் நான் என்ன சொல்லியிருப்பேன்? இது யார் கையடா என்று என் கையைப் பார்த்தேன். அந்த இரண்டு பேரும் என் தோளில் கத்தியை மட்டும் இறக்கவில்லை, அவர்களுடைய புத்தியையும் என் கைக்குள் இறக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். இந்தக் கையோடு நான் லாரி ஓட்டினால், ஒரு நாள் இதே இடத்தில் தீப்பெட்டி கேட்டு வருகிற ஏதோ ஒரு அப்பாவியைக் கொன்றுவிடுவேன். எனக்கு அழுகை வந்தது. ஆத்திர அழுகை. ஊரே கேட்கிற மாதிரி கெட்ட வார்த்தையில் அவர்களைத் திட்டினேன், முனியாண்டியையும் சேர்த்துத்தான்.

கூட்டாளி நான் திட்டி முடிக்கிறவரை காத்திருந்தான். பிறகு மெல்ல எழுந்து, வீங்கின கையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டி, சாலையைப் பார்த்து நின்றான்.

"அடிச்சிட்டே இல்ல? இப்பவாச்சும் கும்பிடு. நான் ரோட்ட பாத்துக்கறேன்" என்றான்.

கண்ணை மூடினேன். வெட்டுப்பட்ட நாளுக்குப் பிறகு பகலில் நானாக மூடினது அதுதான் முதல் முறை. வேண்டிக்கொள்ள ஒன்றுமில்லை. இனிமேல் லாரியில் இந்தப் பக்கம் வரமாட்டேன் என்று மட்டும் அவரிடம் சொன்னேன். அவர்களை மன்னித்தேன் என்று சொல்லவில்லை. மன்னிக்கவும் இல்லை.

துறைமுகத்துக்குப் போகவில்லை. லோடோடு வண்டியைத் திருப்பிக் கம்பெனி முற்றத்தில் கொண்டுபோய் விட்டேன். கூட்டாளி ஒற்றைக் கையால் ஓட்டிக்கொண்டு என் பின்னாலேயே வந்தான். சாவியைச் சூப்பர்வைசர் மேசையில் வைத்தேன்.

"என்னண்ணே, லோட் எறக்காம வந்துட்டீங்க? வழியில எங்கயாச்சும் நிறுத்துனீங்களா?"

"நிறுத்துனேன். முனியாண்டி முன்னால."

அவர் வாயைத் திறந்தார். பிறகு எனக்குப் பின்னால் வாசலில், வெறுங்காலோடு, வீங்கின கையைப் பிடித்துக்கொண்டு நின்றவனைப் பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை.