சுறாக் கருவாடும் ஏசி பெர்மிட்டும்

வளைகுடாவில், முவைலா என்ற இடத்தில் எங்கள் அறையின் ஜன்னல் ஏசி சரியாக ஜூலை மாதம் பார்த்து மண்டையைப் போட்டது. மூன்று நாளில் மனைவி, பிறந்த மகளோடு ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறாள். ஸ்பிளிட் ஏசி வாங்கிவிட்டேன், மாட்டத்தான் முடியவில்லை. வெளிச்சுவரில் துளை போடுவதென்றால் எஞ்சினியர் வந்து பார்த்து பெர்மிட் தர வேண்டுமாம். ஒரு துளைக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று வாட்ச்மேனிடம் எரிந்து விழுந்தேன். அவர் பாவம், சட்டமா எழுதினார்? நாளை எஞ்சினியர் வரும்போது பால்கனியில் எதுவும் காயக்கூடாது, அவ்வளவுதான் பாய் என்றார்.

காய்ந்துகொண்டிருந்தது சுறாக் கருவாடு. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற எங்கள் பக்கம் சுறா கொடுப்பார்கள். அதற்காகவே மாமி, அதாவது மனைவியின் உம்மா, கீழக்கரையிலிருந்து கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"இதத் தூக்கிப் போட்டா எம் மவ பாலுக்கு எங்க போவா மாப்ள?"

எல்லாவற்றையும் ஒரு சூட்கேஸில் அடைத்துக் கட்டிலுக்கடியில் தள்ளினேன். என்ன மூளை எனக்கு என்று மெச்சிக்கொண்டேன்.

ஏசி இல்லாத அறையில் அது ஓர் இரவு வெந்தது. மறுநாள் வந்த எகிப்துக்கார எஞ்சினியர் வாசலிலேயே மூக்கைப் பொத்தினார். பழைய ஏசிக்குள் எலி செத்திருக்கிறது, மருந்தடித்து ஒரு வாரம் அறையைப் பூட்ட வேண்டும், பெர்மிட் அதற்கப்புறம்தான் என்று ஹிந்தியும் இங்கிலீஷுமாகச் சொல்லி, "கலாஸ்", முடிந்தது என்று பேனாவை மூடினார்.

பச்சைப் பிள்ளையை எங்கே வைப்பேன்? எலியாம் என்று நான் மாமிக்குச் சொல்ல, அவர் சூட்கேஸை இழுத்துத் திறந்துவிட்டார்.

"எலியாம்ல எலி! சுறாண்டு சொல்லுங்க மாப்ள!"

சொன்னேன். யாருக்காக என்பதையும் சொன்னேன். எஞ்சினியர் குனிந்து முகர்ந்தார், பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். அவர் ஊரில் இதைவிட நாறும் மீனை ஆசையாகச் சாப்பிடுவார்களாம்.

"பால்கனியில் மாஃபி", கூடவே கூடாது என்று விரலை ஆட்டிவிட்டு, படிவத்தை நிரப்பத் தொடங்கினார். அறையில் எத்தனை பேர் என்று கேட்டார். மூன்று என்றேன்.

எழுதியவர் நிமிர்ந்து பார்த்தார். "பேபி?"

மூன்றை அடித்து நான்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மறுநாளே ஏசி ஓடியது, அதற்கடுத்த நாள் மகள் வந்தாள்.

அவளுக்கு அப்போது பெயர்கூட வைக்கவில்லை. அந்தப் பெர்மிட்டை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். அடித்துத் திருத்திய அந்த நான்கைப் பார்த்தபோதுதான், நான் வாப்பா ஆகிவிட்டேன் என்பது எனக்கு உறைத்தது.