மண்டியிட்ட கைதியின் முகம்

இடது கை, பாட்டில் தக்கையில் ஒட்டிய வெள்ளீயப் பொம்மையை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பியது. வலது கையின் சுண்டுவிரல் அந்தக் கைமேல் ஊன்றியிருக்க, நாலைந்து மயிர் மட்டுமே கொண்ட தூரிகை நீலக் கோட்டின் தேய்ந்த முழங்கையில் நூல் நூலாக வெளுப்பை இழுத்தது. மூச்சை விட்டு, அடுத்த மூச்சை எடுப்பதற்குள் ஒரு நூல். பொம்மை இரண்டு அங்குலம்கூட இல்லை. கோட்டில் சேறு காய்ந்து வெடித்திருந்தது, தோல் வாரில் வியர்வை உப்புப் பூத்திருந்தது. முகம் மட்டும் வரவில்லை. மூன்று முறை தீட்டி, மூன்று முறையும் டர்பெண்டைனில் துடைத்தாயிற்று.

கைகள் ரிம்மா கோர்தேயெவ்னாவுடையவை. பீட்டர்ஸ்பர்க்கில் முப்பது வருடமாகப் போர்வீரர் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டுகிறவள். அருங்காட்சியகத்தில் பழைய சீருடைகளின் முன் நின்று நின்று தானே கற்றுக்கொண்டவள்.

கட்டுமானக் கம்பெனி முதலாளி ஸுயெவ் ஜோடிப் பொம்மை கேட்டிருந்தார். குதிரைமேல் ருஷ்ய அதிகாரி, ஸுயெவின் முகத்தோடு. குதிரையின் காலடியில் மண்டியிட்டுக் கெஞ்சும், பழைய போரில் பிடிபட்ட ஸ்வீடன் கைதி, அவருடைய கிடங்குக் காவலர் வெனியமின் இல்யிச்சின் முகத்தோடு. இருபத்தாறு வருட வேலையிலிருந்து ஓய்வு பெறும் அந்த மனிதருக்கு, விருந்தில் அதுவே பரிசு. விஷயத்தை அவரிடம் சொல்லக்கூடாது. எல்லோரும் வயிறு வலிக்கச் சிரிக்க வேண்டும் என்றார் ஸுயெவ்.

தன்னைப் பொம்மையாகத் தீட்டப்போகிறார்கள் என்று மட்டும் தெரிந்து, வெனியமின் இல்யிச் சலவைச் சட்டையில் வந்து உட்கார்ந்தார். தன் தோட்டத்துக் காளான் ஊறுகாய் ஒரு ஜாடி கொண்டுவந்தார். தாத்தா பீரங்கிப்படையில் இருந்தவர், தன்னையும் பீரங்கி வீரனாகத் தீட்ட முடியுமா என்று கூச்சத்தோடு கேட்டார். பார்க்கலாம் என்றாள்.

இரண்டு நாள் அப்படியே போயிற்று. சந்தோஷமான முகம் அவளுக்கு உதவவில்லை. கைதிக்கு அவமானத்தில் முகத்து ரத்தம் இடம் மாறியிருக்க வேண்டும்: நாசி விளிம்பு வெளுத்து, காது மடல் சிவந்து, கீழ் இமை நனைந்து. கற்பனையில் தீட்டினால் பொம்மை முகம்தான் வந்தது. ஸுயெவுக்கு வித்தியாசம் தெரியப்போவதில்லை. அவளுக்குத் தெரியும்.

மூன்றாம் நாள் வண்ணங்களை முதலிலேயே கலந்து பீங்கான் ஓட்டில் வைத்தாள். தூரிகையைத் தோய்த்துக்கொண்டு சொன்னாள்:

"வெனியமின் இல்யிச், நீங்க பீரங்கி வீரர் இல்ல, கைதி. ஸுயெவ் குதிரை மேல இருப்பார், நீங்க கீழ முட்டி போட்டிருப்பீங்க. விருந்துல எல்லார் முன்னாடியும் உங்க கையில குடுப்பாங்க."

வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். பிறகு தக்கைமேல் இருந்ததைப் பார்த்தார். கண்ணிலிருந்து சிரிப்பு போய்விட்டது, உதட்டில் மட்டும் கொஞ்சம் தங்கியது. எழப் பார்த்தார்.

"அசையாதீங்க."

சொன்னதைக் கேட்டே பழகியவர், உட்கார்ந்துவிட்டார்.

"என் பொண்ணும் ஸுயெவ்கிட்டதான் வேலை பாக்குறா. நான் விருந்துக்குப் போகாம இருக்க முடியாது."

"பேசாதீங்க. வாய் கோணுது."

நாற்பது நிமிடம் தீட்டினாள். நாசி வெளுப்பு வந்தது, காதின் சிவப்பு வந்தது. பல வருடமாக வேலையில் அவளுக்கு இவ்வளவு நிறைவு இருந்ததில்லை.

புறப்படும்போது அவர் பூதக்கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்தார்.

"கண்ணை மட்டும் கீழ இறக்க முடியுமா? அவரைப் பாக்காம இருக்குற மாதிரி?"

இரண்டு புள்ளிகளைத் தள்ளி வைத்தால் போதும். அவள் மறுபடி பார்த்தாள். கண் சரியாக இருந்தது.

"வேண்டாம். கெட்டுப்போயிடும்."

விருந்தில் ஸுயெவ் கோப்பையைத் தூக்கி, வெனியமினைச் செல்லப்பெயரில் கூப்பிட்டார். "வா வேன்யா. பழக்கம்னா முட்டி போட்டே வாயேன்." கூடம் சிரித்தது. முதலாளி தன் பக்கம் பார்ப்பதைக் கண்டு மகளும் சிரித்தாள். செய்த கையே கொடுக்கட்டும் என்று பொம்மையை ரிம்மாவிடம் நீட்டினார் ஸுயெவ்.

வெனியமின் இல்யிச் நடந்து வந்து இரண்டு கையாலும் வாங்கினார்.

"அடிப்பலகையில பிடிங்க," என்றாள் ரிம்மா. "முகம் இன்னும் காயல."

அவர் விரல்களைக் கீழே நகர்த்திக்கொண்டார்.