ஒரு வரிசை எக்ஸ்ட்ரா

முட்டுக்காட்டில் நான் கட்டிய வீட்டுக்கு எத்தனை ஓடு வேண்டும் என்று கணக்குப் பார்க்க, ஓட்டுக் கடையிலிருந்து ஒல்லியான ஒருவர் வந்தார். டேப்பால் கூரைச் சரிவை அளந்தார். பிறகு ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, ஓடில்லாத கைமரங்களையே வெகுநேரம் பார்த்தார்.

"உடையறதுக்குக் கொஞ்சம் சேர்த்துக்கினேன் சார். அதுக்கு மேல ஒரு வரிசை எக்ஸ்ட்ரா வாங்கிக்கோ."

"அது எதுக்கு?"

"மேல நடந்துகினு கீறாரே, அவருக்கு."

நான் அண்ணாந்தேன். வானம் மட்டும் தெரிந்தது. அவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓசைப்படாமல் வெளியேறினார்.

ஓடு வேய்ந்ததிலிருந்து, முகட்டில் தொடங்கி என் கட்டிலை நோக்கி ஒவ்வொரு ஓடாக விரிசல் விடுகிறது. மாற்றிக்கொண்டே வருகிறேன். கட்டிலை மறுமூலைக்கு நகர்த்தினேன். விரிசலும் அந்தப் பக்கம் திரும்பியது.

எக்ஸ்ட்ரா வரிசையில் மிச்சம் ஒரே ஓடு. விரிசல் என் கட்டிலுக்கு நேர் மேலே வரவும் இன்னும் ஒரே ஓடுதான். அந்த மனிதரின் கணக்கு தப்பாக இருக்க வேண்டுமே என்று இருக்கிறது.