எழுதாத வசனம்

மருந்துக்கடை அக்கா என்றால் அந்த வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். இருபது வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே முப்பதைத் தாண்டி வந்து உட்கார்ந்தவள். காலையில் பல்கலைக்கழகம், மாலையில் மருந்துக்கடை. இலக்கியமும் சினிமாவும் சேர்ந்த பட்டப்படிப்பு என்று சொன்னதும் கடை முதலாளி வாய்விட்டுச் சிரித்தார்.

"ஊரே டிக்கெட் எடுத்துப் படம் பாக்குது. நீ பரீட்சை எழுதிப் பாக்கப் போறியாம்மா?"

அவள் என்ன செய்வாள்? கதை படித்தால் கண்ணுக்குள் படம் ஓடும், படம் பார்த்தால் கை பேனாவைத் தேடும். சின்ன வயதிலிருந்தே அந்த வியாதி. அவள் கடையில் அதற்கு மாத்திரை கிடையாது.

வீட்டில் அவளும் அப்பாவும்தான். அப்பா ஸ்கூட்டர் மெக்கானிக். பல்கலைக்கழகத்தின் பின்வாசலை ஒட்டித்தான் அவருடைய ஷெட். அவள் மறந்தும் அந்தப் பக்கம் போவதில்லை. முன்வாசல் வழியாகச் சுற்றிப் போவாள். அவர் தன் அப்பா என்று வகுப்பில் யாரிடமும் மூச்சு விட்டதில்லை. வீட்டிலும் பேச்சென்றால் "கேஸ் தீந்துபோச்சு", "கரண்ட் பில் வந்திருக்கு", அவ்வளவுதான். அம்மா செத்ததிலிருந்து இப்படித்தான்.

ஒரு காலையில் அம்மாவுக்குத் திடீரென்று மூச்சுத் திணறியது. ஷெட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் இருந்த ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். ஷெட்டுக்குப் போன் செய்தாள். "வேலை இருக்கு, வர்றேன்" என்றார் அப்பா. எதற்குக் கூப்பிட்டாலும் அவர் சொல்கிற அதே பதில். சாயங்காலம் அம்மாவின் உயிர் போயிற்று. அப்பா வந்தது அதற்கப்புறம்தான். பக்கத்திலேயே இருந்தும் ஏன் வரவில்லை என்று எத்தனையோ தடவை கேட்டுவிட்டாள். மனுஷர் வாயைத் திறந்ததே இல்லை.

அவளுடைய துறையில் ஒரு வழக்கம் உண்டு. வகுப்பில் பாதிப் பேர் கதை எழுத வேண்டும், மீதிப் பேர் அதைப் படமாக்க வேண்டும். கதையில் எழுதியவர் பெயர் இருக்காது. எந்தக் கதை யாருக்கு என்பது சீட்டுக் குலுக்கலில்தான் முடிவாகும். எழுதியவர் படப்பிடிப்புப் பக்கம் தலைகாட்டக் கூடாது. "எழுதினவங்க பக்கத்துல நின்னா கேமரா அவங்களுக்குத் தலையாட்டிக்கிட்டே இருக்கும்" என்பார் பேராசிரியை. படம் திரையிடும் நாளில்தான் யார் கதை யார் கைக்குப் போனது என்பதே தெரியும்.

பெயர் இல்லை என்ற தைரியத்தில் அவள் அந்த நாளை எழுதினாள். மெக்கானிக்கை வெள்ளைச் சட்டை போட்ட பேங்க் குமாஸ்தா ஆக்கினாள். மனைவி ஆஸ்பத்திரியில் மகள் மடியில் சாகிறாள். குமாஸ்தா நாற்காலியை விட்டு அசையாமல் ரசீதுகளில் முத்திரை குத்திக்கொண்டிருக்கிறார். கதை அங்கே முடிந்தது. வயிற்றெரிச்சலையெல்லாம் கொட்டித் தீர்த்ததில் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினாள்.

திரையிடும் நாள் வந்தது. அவள் கதை ஒட்டடைக்குச்சியின் கைக்குப் போயிருந்தது. நெட்டையாக, ஒல்லியாக இருக்கும் அந்தப் பையனை வகுப்பே அப்படித்தான் கூப்பிடும். விளக்குகள் அணைந்தன. திரையில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் முதுகைக் காட்டி முத்திரை குத்திக்கொண்டிருந்தார். திரும்பினார்.

அப்பா!

வழுவழுவென்று முகம் மழித்து, தலை வாரி, அப்பாவேதான். அப்படியானால் கதையை முழுக்கப் படித்திருக்கிறார்! எழுந்து ஓடிவிடலாமா என்று பார்த்தாள். ஆனால் திரையிலிருந்து கண்ணை எடுக்க மனம் வரவில்லை.

முத்திரை குத்துவதோடு படம் முடியவில்லை. குமாஸ்தா எழுந்து ஆஸ்பத்திரிக்குப் போனார். பாதி திறந்திருந்த கதவுக்கு வெளியே நின்றார். சுத்தமான கைகளை இடுப்பில் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது.

"அவரு வரமாட்டாரும்மா. வண்டிங்கதான் அவருக்குப் பொண்டாட்டி. நீ போய் ஒரு வாய் சாப்பிட்டு வா."

குமாஸ்தா தலையைக் குனிந்தபடி திரும்பி நடந்தார். படம் முடிந்தது.

அந்த வசனத்தை அவள் எழுதவில்லை. அம்மா அவளிடம் மட்டும் சொன்னது அது. அறையில் வேறு ஒரு ஈ காக்கை கிடையாது. அவளும் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

கைதட்டல் அடங்கியதும் பேராசிரியை கேட்டார். "பேங்க் குமாஸ்தாவுக்கு ஏதுப்பா வண்டிங்க? இந்த முடிவே கதையில இல்லையே?"

ஒட்டடைக்குச்சி தலையைச் சொறிந்தான். "நடிச்ச ஐயா நம்ம பின்வாசல் மெக்கானிக், மேடம். என் ஸ்கூட்டர் பாதி நாள் அவர்கிட்டதான் கெடக்கும். முகம் புடிச்சுப் போய்க் கூப்ட்டேன். கதையக் குடுத்தா, 'இந்த ஆளு போனான் தம்பி, கதவு வரைக்கும் போனான்'னு ஒரே புடியா நின்னுட்டாரு. வசனமும் அவரே சொன்னதுதான். குமாஸ்தாவுக்குப் பொருந்தலையேன்னு கேட்டேன். மாத்துனா சட்டையக் கழட்டிக் குடுத்துட்டுப் போயிடுவேன்னுட்டாரு."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் மெல்லத் திரும்பினாள். கடைசி வரிசையில், இஸ்திரி போட்ட சட்டையில் அப்பா உட்கார்ந்திருந்தார். கூட்டம் கலைந்து டீ குடிக்கப் போகும்வரை காத்திருந்தாள். பிறகு அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"நான் எழுதினதுன்னு தெரியுமா?"

"என்னை அவ்வளவு திட்ட வேற யாரு இருக்கா?"

"அன்னைக்கு வந்தீங்களாப்பா?"

"வந்தேன்."

"ஏன் உள்ள வரல?"

அப்பா முன்னால் இருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "வேலை வேலைன்னு சொல்லியே உங்கம்மாவ அப்படி நெனைக்க வெச்சிட்டேன். அவ அவ்வளவு உறுதியா சொன்னதக் கேட்டதும் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு உள்ள வர்றதுன்னு தெரியல. உங்கிட்ட இதச் சொல்லவும் வாய் வரல. சரி, வர்றேன்." எழுந்தார்.

வராதவர் என்று இத்தனை வருஷம் வெறுத்தாகிவிட்டது. கதவு வரை வந்துவிட்டுத் திரும்பிய மனுஷரை என்ன செய்வது?

"அப்பா, நர்ஸ் கதவச் சாத்த வந்தப்பல்லாம் அம்மா விடல. 'தொறந்தே இருக்கட்டும், அவரு வந்தா ரூம் தெரியாமத் தேடுவாரு'ன்னு சொன்னாங்க."

"எப்போ? நான் வர்றதுக்கு முன்னாடியா?"

"கடைசி வரைக்கும்ப்பா. நான் சாப்ட்டுத் திரும்பி வந்தப்பவும் அதையேதான் சொன்னாங்க."

எழுந்து நின்ற அப்பா மறுபடியும் உட்கார்ந்துவிட்டார்.