வாடை தெரியாத மருந்துக்காரர்

குழைத்த வெள்ளை சிமெண்டை விரல் நுனியில் எடுத்து, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் சுவருக்குள் போகும் குழாயைச் சுற்றி அழுத்தின அந்தக் கைகள். இடைவெளி பெரிதாக இருந்த இடத்தில் முதலில் கம்பி நாரைத் திணித்தன. பிறகு அலமாரிக் கீல்களின் ஓரத்தில், கரப்பான் தின்றுவிட்டுப் பதுங்குமிடத்தில் போய்ச் சாகும் பசையை, அரிசி அளவில் பொட்டுப் பொட்டாக வைத்தன.

அந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் அவரை மருந்துக்காரர் என்பார்கள். பூச்சிமருந்து அடிப்பதை அவர் விட்டு வெகுகாலமாகிறது. முதுகில் தொட்டியும் முகத்தில் வெறும் கைக்குட்டையுமாக வீடு வீடாக அடித்த வருடங்களில் அவர் மூக்கு செத்துப்போனது. அடுப்பில் எது கருகினாலும் மனைவி வந்து சொன்னால்தான் தெரியும். அதற்குப் பிறகு ஓட்டை அடைப்பது, பிசுக்கு துடைப்பது, பசை வைப்பது என்று தானாகவே பார்த்துப் பழகிக்கொண்டார். ஆனால் வாடை வராத வேலையை யார் நம்புவார்கள்?

"வேல பாத்தீங்களா, படுத்துத் தூங்குனீங்களா?" என்று காவலாளி சீண்டுவார்.

அதனாலேயே ஒரு வழக்கம் வைத்திருந்தார். வேலை முடிந்ததும் வீட்டுக்காரர் கையில் டார்ச்சைக் கொடுத்து மண்டியிட்டுப் பார்க்கச் சொல்வார். பார்த்த பிறகுதான் வீட்டுச் சாவியைத் திருப்பித் தருவார்.

இந்த வீட்டுக்காரர் நுரையீரல் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார். இனி வைத்தியமில்லை, கடைசி நாட்களை வீட்டில் கழிக்கட்டும் என்று சொல்லிவிட்டார்கள். கூடவே ஆக்சிஜன் மெஷின் வரும். அதன் சூட்டுக்குக் கரப்பான் உள்ளே குடியேறும். மருந்தடித்தாலோ மனிதர் மூச்சு தாங்காது. முதலில் கரப்பானை ஒழியுங்கள், அப்புறம் அனுப்புகிறோம் என்றார் டாக்டர். என் கட்டிலில் படுத்துச் சாகவிடு என்று அவர் கேட்டுக்கொண்டே இருப்பதாக மனைவி சொன்னாள்.

ஒரு வாரம் கழித்து வந்து பார்த்தால் பசை வைத்தது வைத்தபடி இருந்தது. பசை பழசு போலும் என்று அதே இடங்களில் புதிதாக வைத்தார். அடுத்த வாரமும் கரப்பான்கள் அதைச் சுற்றிக்கொண்டே ஓடின. தண்ணீர் மோட்டார் விஷயமாக மேலே வந்த காவலாளி வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"யாரு ஸ்ப்ரே அடிச்சது? நிக்க முடியல."

மருந்துக்காரர் அலமாரிக் கதவில் விரலை வைத்து இழுத்தார். எண்ணெய்ப் பிசுபிசுப்பு. கணவரைச் சீக்கிரம் அழைத்துவரும் தவிப்பில், அவர் வருவதற்குள் வாடை போய்விடும் என்று நம்பி, தினமும் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் அவர் மனைவி தன்னிடமிருந்த இன்னொரு சாவியால் திறந்து வந்து பசை மேலேயே அடித்திருந்தாள். மருந்து பட்ட இரையைக் கரப்பான் தொடாது. இன்னும் உள்ளே ஒதுங்கும். இனிமேல் அடிக்க வேண்டாம் என்று போனில் சொன்னார், அவ்வளவுதான். எல்லாவற்றையும் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து முதலிலிருந்து தொடங்கினார்.

கரப்பான் அற்றுப்போன பிறகு, ஒரு காலையில் அவள் வந்தாள். தோளில் ஆஸ்பத்திரிப் பை. மடித்த போர்வைக்கு மேல் கணவரின் கண்ணாடி.

"முந்தாநேத்து போயிட்டாருண்ணே," என்றாள். "நான் அடிச்சதாலதானே நாள் போச்சு?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம்.

"முதல் வாரம் உங்களால போச்சும்மா. ரெண்டாவது வாரம் என் மூக்கால போச்சு. மூக்கு இருக்கறவன் வாசல்லயே கண்டுபிடிச்சிருப்பான்."

டார்ச்சை எடுக்காமல் சாவியை மட்டும் நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"டார்ச்சக் குடுங்க. அவருக்காக செஞ்ச வேல."

மண்டியிட்டுத் தொட்டிக்கு அடியில் வெளிச்சத்தைப் பாய்ச்சினாள். எதுவும் அசையவில்லை. காய்ந்த வெள்ளைப் பூச்சில் அவருடைய விரல் தடங்கள் மட்டும் தெரிந்தன. நெடுநேரம் பார்த்துவிட்டு எழுந்து சாவியை வாங்கிக்கொண்டாள்.