மச்சான் வாங்கி வந்த கார்புரேட்டர்

என் அம்மாவின் தம்பிக்கு நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வெல்டிங் வேலை. மிச்சம் விழும் இரும்புக் குழாய்களை முதலாளியிடம் கேட்டு வாங்கி வந்து, எங்கள் மாட்டுக் கொட்டகையில் போட்டு அறுப்பார், ஒட்டுவார். கொஞ்சம் கொஞ்சமாக அது நாலு சக்கர ரேஸ் வண்டி ஆனது. கார் போல இருக்காது கண்ணுகளா, பைக்குக்கு நாலு சக்கரம் வைத்தது போல இருக்கும். எஞ்சின் ஒரு பழைய டூ ஸ்ட்ரோக் பைக்கினுடையது. கிளப்பினால் கொட்டகை முழுக்க நீலப் புகை. எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடப் பார்க்கும்.

அப்பாவுக்கு இதெல்லாம் வீண்வேலை. திருச்செங்கோட்டில் தெரிந்தவரின் ரிக் லாரியில், போர்வெல் போடும் வேலைக்கு மாமாவைச் சொல்லி வைத்திருந்தார். அதில் ஏறினால் வடக்கே போய் மாதக்கணக்கில் ஊர் திரும்ப முடியாது. மாமாவுக்குப் போக மனசில்லை. அந்தச் சமயம் பரமத்தி வேலூர்ப் பக்கம், கரும்பு வெட்டிய காட்டை உழுது போட்டுப் பந்தயம் வைத்தார்கள். அதில் ஜெயித்தால் பட்டறையிலேயே ஒரு மூலை தருவதாகவும், இதே மாதிரி வண்டிகள் செய்து விற்கலாம் என்றும் முதலாளி சொல்லியிருந்தார்.

“செரி மாப்ள, ஓட்டிப் பாரு. தோத்தீன்னா மூட்டையக் கட்டீரோணும்” என்றார் அப்பா.

“கட்டீர்றனுங்க மச்சான்.”

பந்தயத்துக்கு முந்தின நாள் அப்பா கோயம்புத்தூரிலிருந்து ஒரு பொட்டலத்தோடு வந்து இறங்கினார். உள்ளே புத்தம்புதுக் கார்புரேட்டர். பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்புகிற சாமான் அது. மாமா வண்டியில் இருந்ததற்கு இருபத்தாறு எம்.எம். வாய். இதற்கு முப்பத்துநாலு.

“கடையில இருக்கறதுலயே பெருசாக் கேட்டு வாங்கியாந்தேன். பெருசாப் போட்டாத்தான மாப்ள இழுக்கும்?”

திட்டிக்கொண்டே இருந்த மனிதர், மைத்துனன் ஜெயிக்கட்டும் என்று பஸ் ஏறிப் போயிருக்கிறார். அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

அப்பா தண்ணீர் கட்டப் போன பிறகு, மாமா புதியதை மாட்டி ஓட்டினார். ரோட்டில் பறந்தது. உழுது போட்ட காட்டுக்குள் இறங்கித் திரும்பியதும் முக்கி நின்றுவிட்டது. பழையதை மாட்டினார். அதே இடத்தில் துள்ளிக்கொண்டு ஏறியது.

“ஏன் மாமா இது மட்டும் முக்குது?”

“ஹோஸ் பைப்பு வாய வெரல்ல அமுக்குனா தண்ணி பீச்சுதில்ல? காத்தும் அப்பிடித்தான் சாமி. வாய் சின்னதா இருந்தாத்தான் வேகமாப் போயி பெட்ரோல இழுக்கும். பெருசுன்னா எஞ்சின் கத்தீட்டே ஓடோணும். அந்தப் பந்தயக் காட்டுல பூராத் திருப்பமாச்சே.”

“அப்பப் பழசையே போட்டுக்குங்க.”

வீட்டுக்குள் அம்மா, “எங்கூட்டுக்காரரு எந்தம்பிக்குன்னே கோயமுத்தூரு போயி வாங்கியாந்தாருங்க” என்று பக்கத்து வீட்டுக்காரம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. மாமா பழையதைக் கழற்றித் துணியில் சுற்றி வைத்தார். பிறகு புதியதையே மாட்டி முடுக்கினார்.

மறுநாள் வரப்பில் நின்ற அப்பா, பக்கத்தில் நின்றவர்களிடமெல்லாம், “கார்புரேட்டரு நாந்தானுங்க வாங்கியாந்தேன்” என்றார். நேராக ஓடும்வரை மாமாதான் முதல். முதல் திருப்பத்தில் வண்டி முக்கியது. உதைத்துக் கிளப்பினார். அடுத்த திருப்பத்திலும் முக்கியது. ஒவ்வொரு வண்டியாக அவரைத் தாண்டிப் போக, கடைசியில் வந்து சேர்ந்தார்.

“என்ன மாப்ள இப்பிடி ஆயிப்போச்சு?”

“வண்டி நல்லாத்தானுங்க மச்சான் இருந்துச்சு. எனக்குத்தான் ஓட்டத் தெரியலீங்க.”

அப்பா நம்பினார். முந்தின நாள் எல்லாவற்றையும் பக்கத்தில் நின்று பார்த்த நானும் நம்பினேன். அக்கா வீட்டுக்காரர் ஆசையாக வாங்கி வந்ததைக் கழற்றி வைப்பதைவிட ரிக்கில் ஏறிப் போவது மேல் என்று ஒருவர் நினைப்பார் என, அந்த வயதில் எனக்கு எப்படித் தெரியும்? மாமா அந்த வாரமே வடக்கே போனார். பட்டறை மூலை வேறு யாருக்கோ போனது.

பந்தயத்தன்று வண்டியை ஒரு டெம்போவில் ஏற்றிக்கொண்டு ஊர் திரும்பினோம். நானும் அப்பாவும் முன்னால் உட்கார்ந்தோம். மாமா பின்னால் வண்டியோடு நின்றார். கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தும், ஊர் வரும்வரை அதன் மேல் வைத்த கையை அவர் எடுக்கவில்லை. வண்டி ஆடாமல் இருக்கத்தான் பிடித்துக்கொண்டு வருகிறார் என்று நினைத்தேன்.