காலி வண்டி ஓட்டத் தெரியாத ஏகாம்பரம்

சேதியைக் கொண்டுவந்தவள் காசியம்மா. ராயபுரத்தில் எங்கள் லாரி ஷெட்டுக்குள் அவள் அதற்கு முன் காலெடுத்து வைத்ததில்லை. காசிமேட்டில் கருவாடு வாங்கி, கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, திருவொற்றியூர் ஹைரோடு நெடுக நடந்தே விற்கிறவள். அன்று காலை தலையில் கூடை இல்லை. காலடிப்பேட்டையிலிருந்து அவ்வளவு தூரமும் நடந்து வந்திருந்தாள். பஸ்ஸில் ஏறியிருந்தால் முன்னதாகவே வந்திருக்கலாம். ஆனால் பஸ், லாரி எதிலும் ஏறுகிறவள் அல்ல அவள். நான் சக்கரத்துக்குக் கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தேன்.

"டைவரு பூட்டாரு. காலீல மூஞ்சி கழுவப் போனவரு அப்டியே குந்திட்டாரு," என்றாள்.

எந்த டிரைவர் என்று நான் கேட்கவில்லை. அவள் வாயில் டிரைவர் என்றால் ஏகாம்பரம் ஒருவர்தான். கையிலிருந்த கிரீஸைத் துடைக்காமலே முதலாளியிடம் ஓடினேன்.

மிலிட்டரி ஏகாம்பரத்தைப் பற்றி நம் லாரி டிரைவர் சங்கத்து மலரில் எழுதும்படி நண்பர்கள் என்னிடம் சொன்னார்கள். தண்டையார்பேட்டைப் படிப்பகத்தில் பத்திரிகை படித்துக் கற்றுக்கொண்ட தமிழ் என்னுடையது. இருந்தாலும் அவரைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது. எங்கள் முதலாளி காதர் பாய்க்கு இரண்டே லாரிகள். முன்னால் போவது ஏகாம்பரத்துடையது, பின்னால் போவது என்னுடையது. வழியில் ஒன்று படுத்துக்கொண்டால் இன்னொன்று துணைக்கு இருக்கட்டும் என்று அந்த ஏற்பாடு. ஆகவே யுத்தம் முடிந்து அவர் எங்களிடம் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் நான் பார்த்தது நெல்லூரையும் பெஜவாடாவையும் அல்ல. அவருடைய வண்டியின் பின்பலகையைத்தான். அதில் எந்த ஆணி எங்கே துருப்பிடித்திருக்கிறது என்று கேட்டாலும் சொல்வேன்.

அந்தப் பலகையை யாரும் தட்டக் கூடாது. நம் தொழிலில் தட்டுவதுதான் பாஷை என்பது உங்களுக்குத் தெரியும். ஒருமுறை தட்டினால் நில், இரண்டு முறை தட்டினால் போ. ஏகாம்பரம் வண்டிக்கு அது செல்லாது. துறைமுகத்தில் ஒருநாள் விவரம் தெரியாத கூலிக்காரர் ஒருவர் லோடு இறக்கி முடித்துவிட்டுப் பலகையைத் தட்டிவிட்டார். ஸ்டியரிங்கில் இருந்த மனிதருக்குச் சட்டை நனைய வேர்த்துவிட்டது. இறங்கி, குழாயடிக்குப் போய்த் தலையை நனைத்துக்கொண்டு வந்தார். அந்தக் கூலிக்காரரை ஒரு வார்த்தை திட்டவில்லை.

"தட்டாத நைனா. குரல் குடு. காது நல்லாத்தான் கேக்குது," என்றார்.

டாக்டர் இதற்கு நரம்புத் தளர்ச்சி என்று பெயர் வைத்துச் சிவப்பாக ஒரு டானிக் கொடுத்தார். அவர் மனைவி, எங்கள் அண்ணி, வேப்பிலை அடித்துப் பார்த்தார். தர்காவில் ஓதிக் கயிறு கட்டியும் பார்த்தார். டானிக் தீர்ந்தது, கயிறு இற்றுப்போனது, ஏகாம்பரம் அப்படியேதான் இருந்தார்.

இதைவிடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு. லோடு நிறைந்திருந்தால் அவர் நம்மைப் போலத்தான் ஓட்டுவார். வண்டி காலியாக இருந்துவிட்டால் போச்சு. ரோட்டில் நடந்து போகிற ஒருவரையும் அவரால் தாண்ட முடியாது. நிறுத்துவார், ஏறிக்கொள்ளச் சொல்வார். ஏறினால் நல்லது. ஏற மாட்டேன் என்றால் அவர்கள் பின்னாலேயே முதல் கியரில் ஊர்ந்து வருவார். புரட்டாசி மாதத்தில் ஒருமுறை நாயுடுபேட்டை அருகே திருப்பதிக்கு நடந்து போகிற கூட்டம் ஒன்று எதிர்ப்பட்டது. நடந்தே வருவதாக வேண்டுதல், வண்டியில் ஏறினால் பெருமாள் கோபித்துக்கொள்வார் என்று அவர்கள் கும்பிட்டுச் சொன்னார்கள். பெருமாள் கோபித்துக்கொண்டாரோ இல்லையோ, நான் கோபித்துக்கொண்டேன். கூட்டம் கோவிந்தா போட்டுக்கொண்டு முன்னால் நடக்க, பின்னால் ஏகாம்பரம், அவருக்குப் பின்னால் நான். என்ஜின் சூடேறிப் புகைந்தது. கிளைப்பாதை வந்து அவர்கள் திரும்பியபோதுதான் எங்களுக்கு விமோசனம். நான் இறங்கிப் போய், ஹாரன் என்று ஒன்று எதற்கு வைத்திருக்கிறது அண்ணாத்தே என்று கத்தினேன்.

"ஹாரன் அடிச்சா ஒதுங்குவாங்க நைனா. ஒதுங்கட்டும்னு ஓட்னவன்தான் நானு. இனிமே அது நம்மால ஆவாது," என்றார்.

அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரிந்தது பிற்பாடுதான். கும்மிடிப்பூண்டி தாண்டி நடுப்பகலில் என் வண்டியின் பின் டயர் வெடித்தது. பெரிய சத்தம். நான் இறங்கிப் பார்க்கும்போது அவர் வண்டி கோணலாக நின்றது, கதவு திறந்து கிடந்தது, ஆளைக் காணோம். ரோட்டோரப் பள்ளத்தில் இரண்டு கைகளாலும் பிடரியை மூடிக்கொண்டு குப்புறக் கிடந்தார். தொட்டால் என்ன ஆகுமோ என்று பயந்து, தொடாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வெகுநேரம் கழித்து அவராகவே எழுந்தார். மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு, என் கையிலிருந்த ஜாக்கியை வாங்கி, என் வண்டிக்கு அவரே டயர் மாற்றினார். ஒரு நட்டுகூடக் கீழே விழவில்லை.

பிறகு பனைமர நிழலில் உட்கார்ந்து சொன்னார். யுத்தத்தின்போது பட்டாளத்தில் லாரி ஓட்டினார். பர்மாவில் குண்டு விழ ஆரம்பித்ததும் நம் ஜனங்கள் ஆயிரக்கணக்கில் குழந்தைகுட்டிகளோடு மலைப்பாதை வழியே இந்தியாவுக்கு நடந்தார்கள். பட்டாளத்து லாரிகள் முன்னணிக்குச் சாமான் கொண்டுபோய் இறக்கிவிட்டு அதே பாதையில் திரும்பும். எங்கும் நிறுத்தக் கூடாது, யாரையும் ஏற்றக் கூடாது என்று உத்தரவு. ஒரு வண்டி நின்றால் வரிசை முழுக்க நிற்கும், மேலே விமானம் வந்தால் எல்லோரும் காலி. நியாயமான உத்தரவுதான் என்று ஏகாம்பரமே சொன்னார். நடக்க முடிந்தவர்கள் ஓடி வந்து பின்பலகையைத் தட்டுவார்கள். கொஞ்ச தூரம் தட்டிக்கொண்டே ஓடி வருவார்கள். பிறகு சத்தம் நின்றுவிடும்.

"வண்டி காலியா இருந்திச்சு நைனா," என்றார். "லோடு இருந்தா மனசு ஆறியிருக்கும். காலியா இருந்திச்சு."

டயர் வெடித்ததற்குப் பள்ளத்தில் விழுகிற மனிதர், தினமும் காலையில் எழுந்து மறுபடியும் அதே லாரி சீட்டில் ஏறி உட்காருகிறாரே, இது என்ன நெஞ்சு என்று மலைத்துப் போனேன். துறைமுகத்தில் வாட்ச்மேன் வேலைக்குச் சொல்லி வைக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினார்.

"ஓட்டாம வூட்ல குந்திகினா அவங்கல்லாம் வந்து வாசல்ல நிப்பாங்க. ஓட்னாத்தான் ஏத்திக்க முடியும்."

லாரிதான் அவருக்கு மருந்து, அதைப் பிடுங்கினால் ஆள் மிஞ்ச மாட்டார் என்று அன்று எனக்கு விளங்கியது. பிடுங்குகிற நாளும் வந்தது. காரணம் காசியம்மா.

எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் எங்களுக்கு நிரந்தரமாக லோடு கிடைத்தது. காலையில் ராயபுரத்திலிருந்து காலி வண்டியோடு போய் ஏற்ற வேண்டும். கேட் மூடிவிட்டால் அன்றைய லோடு வேறு கம்பெனிக்குப் போய்விடும். போவதற்கு ஹைரோடு ஒன்றுதான். அதே நேரத்தில் அதே ரோட்டில் கூடையோடு காசியம்மா நடப்பாள். மற்றவர்கள் கூப்பிட்டால் ஏறிக்கொள்வார்கள், இவள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். அப்புறமென்ன, அவள் முன்னால், ஏகாம்பரம் பின்னால், அதற்கும் பின்னால் நான், எனக்குப் பின்னால் மாட்டுவண்டி, சைக்கிள், பஸ் என்று தேர் ஊர்வலம்தான். வண்டிக்கு ஆமை என்று பெயர் வைத்தவர்கள் இந்த மலரைப் படிப்பார்கள், அவர்களுக்கே தெரியும். கேட் மூடி இரண்டொரு முறை வெறுங்கையோடு திரும்பினோம். காதர் பாய் நல்ல மனிதர். அவரும்தான் எத்தனை நாள் பொறுப்பார்?

"ஏகாம்பரம், உன் மாதிரி கை எனக்குக் கெடைக்காது," என்றார் அவர். "ஆனா இன்னொரு வாட்டி கேட்டு மூடிச்சின்னா சாவிய குடுத்துட்டுப் போயிடு."

அன்று சாயங்காலமே நான் காசியம்மாவைத் தேடிப் போனேன். நாங்கள் போகிற நேரத்தில் மட்டும் சந்துக்குள் நடந்தால் என்ன என்று கேட்டேன். ரோடு என்ன லாரிக்கு எழுதி வைத்ததா என்று திருப்பிக் கேட்டாள். சரி, ஏறிக்கொள்ளவாவது செய்யலாமே என்றேன். அப்போதுதான் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள். ரங்கூன் துறைமுகத்தில் அவள் புருஷன் மூட்டை தூக்கியவன். யுத்தத்தில் இருவரும் அந்த மலைப்பாதையில் இந்தியாவுக்கு நடந்தார்கள். வழியில் அவனுக்குக் காய்ச்சல், கால் வீங்கி உட்கார்ந்துவிட்டான். லாரி வரிசை ஒன்று வந்தது. இவள் ஓடிப்போய் ஒரு லாரியின் பலகையைத் தட்டினாள். நிற்கவில்லை. திரும்பி வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு அவள் மட்டும் நடந்து வந்தாள். லாரி என்ஜின் சத்தம் கேட்டாலே அவளுக்குக் குமட்டும்.

இதை அவரிடம் சொல்வதா மறைப்பதா என்று நான் தவித்தேன். மறைத்தால் வேலை போகும். சொன்னால் ஆளே போய்விடுவாரோ என்று பயம். கடைசியில் சொன்னேன். பீடியைப் பற்றவைத்தவர் இழுக்க மறந்துவிட்டார்.

மறுநாள் காலை தண்டையார்பேட்டை தாண்டியதும் காசியம்மா முன்னால் போய்க்கொண்டிருந்தாள். ஏகாம்பரம் லாரியை நிறுத்தினார், என்ஜினையும் நிறுத்தினார். இறங்கிப் போய் அவள் எதிரில் நின்றார். நானும் ஓடினேன். பட்டாளத்தில் அந்த ரோட்டில் ஓட்டியவன் தான் என்றும், வண்டி காலி என்றும் சொன்னார். பட்டாளத்தான் அதிகாரிக்கு ரிப்போர்ட் கொடுப்பதைப் போல் கையை ஒட்டிவைத்துக்கொண்டு சொன்னார்.

"நான் தட்னது உன் வண்டியா?" என்று அவள் கேட்டாள்.

"தெரியாதும்மா. தட்னது காதுல உயுந்திச்சி. நிறுத்தல. நானா இருக்கும்."

காசியம்மா அவர் முகத்தைப் பார்த்தாள். பின்னால் பஸ்காரன் ஹாரன் அடித்தான். யாரும் நகரவில்லை.

"மூஞ்சி யாரு பாத்தா?" என்றாள். "நான் பாத்தது தூசிதான்."

ஏகாம்பரத்தின் தோள் குலுங்கியது. அவள் மன்னிக்கவும் இல்லை, சபிக்கவும் இல்லை. தலையிலிருந்த கூடையைத் தூக்கி அவர் கையில் கொடுத்தாள். "வெய்ட்டா கீது. இத்த ஏத்திகினு போயி காலடிப்பேட்ட முனையில எறக்கி வையி. நான் நடந்து வரேன். போ," என்றாள்.

அந்தக் கூடையில் இருந்தது அவளுடைய பிழைப்பு முழுவதும். அதை அவர் பின்னால் வைக்கவில்லை. தன் சீட்டுக்குப் பக்கத்தில், குழந்தையை உட்காரவைப்பதைப் போல வைத்துக்கொண்டார். லாரி கிளம்பியது. அவளை நெருங்கியபோது கொஞ்சம் ஆடியது. பிறகு நேராகி, அவளைத் தாண்டிப் போயிற்று. பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று கேட் மூடுவதற்கு முன்பே போய்ச் சேர்ந்தோம். அதன்பின் தினமும் அவள் கூடை லாரியில் போனது, ஒருநாளும் தாமதமில்லை. லாரியில் கருவாட்டு நாற்றம் என்று காதர் பாய் முகம் சுளித்ததோடு சரி.

அவர் குணமாகிவிட்டார் என்று நான் எழுதினால் அது பொய். பலகையை யாராவது தட்டினால் கடைசிவரை வேர்த்தது. நடக்கிற மற்றவர்களுக்காக நிறுத்திக்கொண்டேதான் இருந்தார். நெல்லூர் ரோட்டில் அவர் லாரியில் ஏறிப்போன கூலிக்காரர்கள், பிள்ளைத்தாய்ச்சிகள், பிச்சைக்காரர்கள் எத்தனை பேரோ. எதையும் சொல்லிக் காட்டியதில்லை. தலைக்குள் அப்படியொரு ரோடு ஓடிக்கொண்டிருக்க, கண் முன்னால் இருக்கிற ரோட்டில் ஒரு கோழிக்குஞ்சைக்கூட அடிக்காமல் ஓட்டிய மனிதர் அவர். இன்று நினைத்தாலும் எனக்குப் பிரமிப்பாக இருக்கிறது.

சேதி வந்த காலைக்குத் திரும்புகிறேன். அவருடைய கடைசிப் பயணம் அவர் லாரியில்தான் என்று சொல்லிக் காதர் பாய் சாவியை என் கையில் கொடுத்தார். காசியம்மா அதற்குள் நடக்கத் தொடங்கிவிட்டாள். அவர் வீடு இருந்த காலடிப்பேட்டைக்குக் காலி வண்டியை எடுத்துக்கொண்டு நான் ஹைரோட்டில் திரும்பினால், முன்னால் அவள். எத்தனை வருஷம் ஹாரன் அடிக்கச் சொல்லிக் கத்தியவன் நான். அன்று என் கை ஹாரன் பக்கம் போகவில்லை. முதல் கியரில் அவள் பின்னாலேயே ஊர்ந்தேன்.

கொஞ்ச தூரம் போனதும் அவள் நின்று திரும்பிப் பார்த்தாள். வண்டியின் பின்பக்கத்தையும் எட்டிப் பார்த்தாள்.

"அவரு வண்டி காலியா போவக் கூடாது," என்றாள்.

நான் இறங்கிப் போய்ப் பலகையை இறக்கினேன். என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். பலகையை மாட்டிவிட்டு வந்து ஸ்டியரிங்கில் உட்கார்ந்தேன். உடனே எடுக்க மனம் வரவில்லை. அப்போது பின்னாலிருந்து காசியம்மா பலகையை இரண்டு முறை தட்டினாள். லாரி புறப்பட்டது.

ஏகாம்பரம் அண்ணாத்தேயிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தச் சத்தம்தான். ஆயுசு முழுக்க அவர் கேட்கப் பயந்த சத்தம் அது. அவருக்காக நான் கேட்டு வைத்துக்கொண்டேன்.